மீதி ஒன்பது மூச்சு

பாட்டுக் கட்டும் பயிற்சியின் நாலாம் நாள், சாயங்காலம் நாலு மணிக்கு, நர்ஸ் ஜெனிட்டாவின் எட்டு மாதக் குழந்தை செரினா, இரண்டு தெரு தள்ளி, பகலில் அவளைப் பார்த்துக்கொள்கிற ரோணிக்கம் மாமி வீட்டுத் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தவள், முதியோர் இல்லத்தின் பெரிய கூடத்தில் இஞ்ஞாசியம்மாவின் மடியில் வந்து கிடந்தாள். கதவு வழியாக வரவில்லை, யாரும் தூக்கி வரவும் இல்லை. பாட்டில் பேர் வந்தது, பேருக்குப் பின்னாலேயே பிள்ளை வந்தது, அவ்வளவுதான். முப்பத்திரண்டு முதியவர்களும் அடுத்த அடியைப் பாடிக்கொண்டிருந்தார்கள். இல்லத்தை நடத்தும் மதர் பெனிஞ்ஞா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்து, "பிள்ளை நனைஞ்சிருக்கு, யாராவது ஒரு துண்டு கொண்டாங்க" என்றார். துண்டு வருவதற்குள் ஜெனிட்டாவின் கைப்பேசி அடித்தது.

"ஏட்டி ஜெனிட்டா, பிள்ளையத் தூக்கிட்டுப் போறவ ஒரு வார்த்த சொல்லிட்டுப் போகக்கூடாதா? நான் அடுப்படிக்குப் போயிட்டு வாறதுக்குள்ள தொட்டில் காலி. எனக்கு நெஞ்சு அடச்சுட்டுல்லா!" என்றாள் ரோணிக்கம் மாமி.

எல்லாரும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்க, ஜெனிட்டா மட்டும் பாட்டை எழுதிச் சுவரில் ஒட்டியிருந்த சார்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் காலியாக இருக்கவேண்டிய ஓரிடத்தில் தன் கையெழுத்தில் தன் பிள்ளையின் பேர் இருப்பதை அவள் ஒருத்திதான் அறிவாள்.

பயிற்சிக்குச் சென்னையிலிருந்து சாருலதா மேடம் வந்திருந்தார். வயோதிகர்களைப் பார்த்துக்கொள்கிற நர்சுகளும் ஆயாக்களும் அவர்களோடு உட்கார்ந்து பாட்டுக் கட்டுவது எப்படி என்று ஆறு நாளில் சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. "நாம பாட்டு எழுத வரல, அவங்க பாட்டுக்குப் பேனா பிடிக்க வந்திருக்கோம்" என்பார். அவர் முறை எளிது. முதியவர் சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும், திருத்தக் கூடாது. அவர் பேச்சிலிருக்கும் ஏற்ற இறக்கத்தையே மெட்டாக்க வேண்டும். ஒரு வரியில் ஓரிடத்தைக் காலியாக விட்டு, 'இங்கே என்ன போடலாம்?' என்று கேட்டு, இருபது மூச்சு காத்திருக்க வேண்டும். அப்படியும் பதில் வராவிட்டால் அந்த இடத்தைக் காலியாகவே பாட வேண்டும்.

"நம்ம ஆளுங்களுக்குக் காலி இடத்தைப் பார்த்தா பந்தியில வெறும் இலையைப் பார்த்த மாதிரி. கை தானா எதையாவது அள்ளி வைக்கும். அந்தக் கையை அடக்கத்தான் இந்த ஆறு நாளும்" என்றார் மேடம். எல்லாரும் சிரித்தார்கள். ஜெனிட்டாவும் சிரித்தாள். ஆனால் அவள் கான்வென்டில் படித்தவள். மூன்றாம் வகுப்பில் கோடிட்ட இடங்களை நிரப்புகையில் ஒன்றை விட்டுவிட்டதற்காக, தெரியாவிட்டால் என்ன, எதையாவது எழுதவேண்டியதுதானே என்று, மாதா சிலை வைத்த கெபிக்கு முன்னால் சரளைக் கல்லில் முட்டி போட்டவள்.

அவளுக்கு விழுந்தது இஞ்ஞாசியம்மா. எண்பத்து நாலு வயது, இரண்டு வருசமாக 'வந்துரு' என்ற ஒரே சொல்லைத் தவிர வேறெதுவும் வாயில் இல்லை. மூன்று நாள் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்து, ஜன்னலைத் திறந்துவைத்து, மீன் வாசனையைக் காட்டி, துளித்துளியாக ஜெனிட்டா ஒரு பாட்டைச் சேர்த்திருந்தாள். விளக்கு வச்ச நேரத்துல, வாசப்படி ஓரத்துல, என்று அது தொடங்கும். அதற்கப்புறம் கிழவி வாயைத் திறப்பாள், சத்தம் வராது. பிறகு, வந்துரு தாயே, வந்துரு, மண்ணு சுடுது, காலு பொறுக்காது, மடியில ஏறிக்கோ, வந்துரு, என்று முடியும். யாரை அழைக்கிறாள் என்பது மட்டும் இல்லை.

நாலாம் நாள் எல்லார் முன்னாலும் பாட்டைக் காட்ட வேண்டும். மேடம் பார்த்துக்கொண்டிருந்தார், மதர் பார்த்துக்கொண்டிருந்தார், பயிற்சியில் தேறாதவர்களை வைத்துக்கொள்வதா என்று யோசிக்க வேண்டியிருக்கும் என மதர் காலையில்தான் சொல்லியிருந்தார். பிள்ளைக்குப் பால் கொடுக்கிற நேரம் தாண்டி மார் கட்டி, வெள்ளைச் சட்டையில் ஈரம் படர ஆரம்பித்திருந்தது. "யாரைக் கூப்பிடுதீங்க அம்மா?" என்று கேட்டு, ஜெனிட்டா மூச்சை எண்ணினாள். ஐந்து. எட்டு. கிழவி வாயைத் திறந்தபடி அந்த வெற்றுக் கோட்டையே பார்த்திருந்தாள். பத்து. பதினொன்று. ஜெனிட்டாவின் கை தானாகப் போய், அந்த நேரத்தில் தன் உடம்பு முழுக்க அழைத்துக்கொண்டிருந்த பேரை எழுதியது.

முதல் வாரம் அது எல்லாருக்கும் வசதியாகவே இருந்தது. நாலு மணிக்குப் பாட்டு, நாலு மணிக்குப் பிள்ளை, நாலேகாலுக்குப் பால், வேலை முடிந்து போகும்போது தோளில் போட்டுக்கொண்டு போகலாம். வாசல் காவலாளி, உள்ளே இருக்கும் ஆள் வருகைப் பதிவேட்டில் இல்லாவிட்டால் தன் தலை உருளும் என்று, செரினாவின் கட்டைவிரலை மையில் ஒற்றி ஒற்றி ஒரு பக்கத்தை நிரப்பினார். பங்குச் சாமியார் வந்து பார்த்து, பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆகிவிட்டதா என்று மட்டும் கேட்டு, ஆகிவிட்டது என்றதும், அப்படியானால் மறைமாவட்ட ஆயருக்கு எழுத வேண்டியதில்லை என்று காப்பி குடித்துவிட்டுப் போனார். மற்ற முதியவர்களின் வீட்டாரும் கேள்விப்பட்டு வந்து, தங்கள் பிள்ளைகளின் பேரைப் போட்டுப் பாடச் சொன்னார்கள். சவூதியிலிருக்கும் ஒரு மகனின் பேரை மூன்று நாள் பாடியும் அவன் வரவில்லை, வாட்ஸ்அப்பில் கைகூப்புகிற படம் ஒன்று வந்தது. எனவே அது செரினாவுக்கென்று ஏற்பட்ட பாட்டு என்று ஊர் ஒப்புக்கொண்டது.

அந்தப் பாட்டால் இல்லமும் துளிர்த்தது. சாப்பாட்டைத் துப்பிக்கொண்டிருந்தவர்கள் குழம்பு கேட்டார்கள். ஆறு மாதமாகச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்த பெரியவர் எழுந்து தாளம் போட்டார். பெற்ற மகளை 'யாரும்மா நீ' என்று கேட்கிறவர்கள்கூட 'செரினா' என்ற சொல்லுக்கு ஒரு நொடி முன்பே மூச்சை இழுத்துத் தயாரானார்கள். குளிக்கையில் பாடினார்கள், கஞ்சி ஆறும்வரை பாடினார்கள். பிள்ளை காலை பத்து மணிக்கும் போனாள், பால் குடிக்கும் வாயோடு போனாள், பாதி ஏப்பத்தில் போனாள்.

அப்போதுதான் ஜெனிட்டா நேரத்தைக் கவனித்தாள். தொட்டில் காலியானதும் ரோணிக்கம் மாமி போன் போடுவாள். அந்த நொடிக்கும் மடி நிறைகிற நொடிக்கும் முதலில் இடைவெளியே இல்லை. இரண்டாம் வாரம் ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லும் நேரம் ஆனது. மூன்றாம் வாரம் ஜெபமாலையில் பத்து மணிகளை உருட்டும் நேரம். ஒரு வெள்ளிக்கிழமை மாலையின் ஐம்பத்து மூன்று மணியும் உருட்டி முடிந்த பிறகுதான் பிள்ளை வந்தாள், வந்தவள் அழவில்லை, பாலுக்கு வாய் வைக்கவில்லை, ஒரு நனைந்த துணியின் கனம்தான் இருந்தாள். மூடியிருந்த விரல்களைப் பிரித்தபோது உள்ளங்கையில் சிவப்பு மண் இருந்தது.

பிசியோதெரபி பார்க்கும் சுடலைமணி அதைத் தொட்டுப் பார்த்தான். "இது தேரி மண்ணுல்லா. நம்ம ஊருக்குள்ள எங்க இருக்கு இது? உங்க கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளிய, உடைமரம் நிக்குற பக்கம்தான் சிவப்பா கெடக்கும். பிள்ளைய அங்க எதுக்குக் கொண்டு போனீய?"

"நான் கொண்டு போகல" என்றாள் ஜெனிட்டா.

அன்றைக்கு மதரிடம் போய் நின்றாள். பாட்டை நிறுத்தச் சொல்லி அழுதாள். மதர் கல்நெஞ்சுக்காரி அல்ல, அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாடாதீங்கன்னு நான் சொல்லலாம் ஜெனிட்டா. மறந்துருங்கன்னு எப்படிச் சொல்ல? எல்லாத்தையும் மறந்தவங்க, இது ஒண்ணத்தான் மறக்கல."

சார்ட்டைக் கிழித்தாள். அவர்கள் சார்ட்டைப் பார்த்துப் பாடவில்லை. வேறு பேர் சொல்லிக்கொடுத்தாள், எல்லாரும் பணிவாகத் தலையாட்டிவிட்டு 'செரினா' என்றார்கள். பிள்ளையை மாராப்போடு சேர்த்து இறுக்கி முடிந்துகொண்டாள், முடிச்சு முடிச்சாகவே இருந்தது, பிள்ளை இல்லை. விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் பிள்ளையோடு நாகர்கோவில் பஸ் ஏறினாள். பாதி வழியில் கை லேசானது. கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்து, "பிள்ள எங்கம்மா?" என்று கேட்க, பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் குனிந்து சீட்டுக்கடியில் தேடித் தந்தார்கள், ஒருவர் தன் பையைக்கூடக் கொட்டிக் காட்டினார். கப்பலில் இருக்கும் புருசனிடம் இதைச் சொல்ல அவளுக்குச் சொல் கிடைக்கவில்லை. பிள்ளை சௌக்கியமா என்று அவன் கேட்ட செய்திக்கு, சௌக்கியம், என்று நிரப்பி அனுப்பினாள்.

கடைசியில் சாருலதா மேடத்துக்குப் போன் போட்டாள். மேடம் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"ஜெனிட்டா, அன்னைக்கு எத்தனை மூச்சு காத்திருந்தீங்க?"

"இருபது மேடம்."

மறுமுனை பேசவில்லை. அவர் தொழிலே அதுதான், காத்திருப்பது. ஜெனிட்டாவால்தான் அந்தக் காலி இடத்தைத் தாங்க முடியவில்லை.

"பதினொண்ணு."

"அப்ப மீதி ஒன்பதைப் போய்க் காத்திருங்க" என்றார் மேடம். "அவங்க இன்னும் வாயைத் திறந்துக்கிட்டே இருக்காங்க."

அவள் கூடத்துக்குள் நுழைந்தபோது நாலு மணிப் பாட்டு முடிந்திருந்தது, பிள்ளை தொட்டிலை விட்டுப் போயிருந்தாள், மடிக்கு வந்து சேரவில்லை. ஒரு ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலை முடிந்து இரண்டாவது தொடங்கியிருந்தது. ரோணிக்கம் மாமி நிமிசத்துக்கு ஒரு தடவை போன் போட்டு, "வந்துட்டாளா? வந்துட்டாளா?" என்றாள். ஜெனிட்டா கைப்பேசியைப் பைக்குள் போட்டாள். கோடு மட்டும் போட்ட ஒரு வெள்ளைத்தாளை இஞ்ஞாசியம்மாவின் முழங்காலில் வைத்தாள். தரையில், கெபிக்கு முன்னால் போட்டது போல முட்டி போட்டாள்.

"யாரைக் கூப்பிடுதீங்க அம்மா?"

பன்னிரண்டு. எங்கோ உடைமரத்தடியில் தன் பிள்ளை சூடு மண்ணில் கிடக்கிறாள் என்று மனம் கத்தியது. பதின்மூன்று, பதினாலு. ஏதாவது ஒரு பேரைச் சொல்லிக்கொடு, மேரி, ரோசா, ஏதாவது, என்று கை துடித்தது, கையை மறு கையால் பிடித்துக்கொண்டாள். பதினாறு. கிழவியின் உதட்டோரத்தில் எச்சில் வழிந்தது, அதைத் துடைக்கக்கூட அவள் அசையவில்லை. பதினேழு. பதினெட்டு. இத்தனை நீளமாக ஒரு மூச்சு இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது, பிரசவத்தில்கூட இருந்ததில்லை. பத்தொன்பது.

இருபதாவது மூச்சில் இஞ்ஞாசியம்மா குனிந்து, அந்த வெற்றுக் கோட்டின் மேல் தன் உள்ளங்கையை வைத்து மூடினாள்.

"பேரு வைக்கலியே தாயே" என்றாள். இரண்டு வருசத்துக்குப் பிறகு, நேற்று நிறுத்திய பேச்சைத் தொடர்கிறவள் போலச் சொன்னாள். "ஞானஸ்நானத் தண்ணி ஊத்துமுன்னமே போயிட்டு. தண்ணி ஊத்தாத பிள்ளைய உள்ள வைக்கக்கூடாதுன்னுட்டாவ. மதிலுக்கு வெளியதான் வச்சோம். பேரில்லாத பிள்ளைய எப்படிக் கூப்பிட? விளக்கு வச்சதும் நான் வாசல்ல போய் சும்மா நிப்பேன். அந்தச் சும்மாதான் அதுக்குப் பேரு. அதக் கேட்டு வரும்."

"நான்..." என்றாள் ஜெனிட்டா.

"நீ பேரு குடுத்தே. அறுபது வருசத்துக்கு மேல பேரில்லாம கெடந்த பிள்ள. புதுச்சட்ட மாதிரி ஆசையாப் போட்டுக்கிட்டு. இப்ப நீங்க கூப்பிட்டா ரெண்டும் சேர்ந்துல்லா எந்திரிக்குது. உன் பிள்ள வாறா, என் பிள்ள வழிய மறிச்சுக்கிட்டு நிக்கி. என்னைக்காவது ஒரு நாள் அது வந்துரும். இவ அங்க தங்கிருவா."

"அம்மா, என் பிள்ளைய..."

"எனக்கும் பிள்ளதான் தாயே." கிழவி அழுதாள். மறந்திருந்த துக்கம் முழுசாகத் திரும்பி வந்து அவள் முகத்தில் உட்கார்ந்தது. ஜெனிட்டா அதைப் பார்த்தாள், தன் பிள்ளைக்காகத்தான் அதைத் தோண்டி எடுத்தோம் என்று தெரிந்தே பார்த்தாள். "பாடச் சொல்லு. அந்த இடத்துல எல்லாரையும் சும்மா இருக்கச் சொல்லு. என் பிள்ளைக்கு அது பேரு திரும்பக் கெடைச்சா, உன் பிள்ள பேரக் கழத்தித் தந்துரும்."

முப்பத்திரண்டு பேரையும் வட்டமாக உட்கார வைத்தார்கள். ஜெனிட்டா நடுவில் நின்றாள். பேர் வருகிற இடத்தில் கையைத் தூக்குவேன், கை இறங்கும்வரை யாரும் பாடக் கூடாது என்று ஒவ்வொருவரின் முகத்துக்கு நேராகவும் போய்ச் சொன்னாள். எல்லாரும் சரி என்றார்கள். விளக்கு வச்ச நேரத்துல, என்று தொடங்கினார்கள், வாசப்படி ஓரத்துல, என்றார்கள், கை உயர்ந்தது, பத்துப் பேர் 'செரினா' என்றார்கள். மறுபடி தொடங்கினார்கள். நாலு பேர் என்றார்கள். மறுபடி. எல்லாரும் வாயை மூடினார்கள், கோயில் பாடகர் குழுவில் நாற்பது வருசம் இருந்த தஸ்நேவிஸ் ஒருவரைத் தவிர. அவருக்குக் காது சுத்தமாகக் கேட்காது, அதனால் அமைதியும் கேட்காது, ஆகவே தனி ஆளாக நின்று பிரமாதமாக இழுத்து, "செரீ... னா..." என்று பாடினார். பாடிவிட்டுப் பாராட்டுக்காகச் சுற்றிலும் பார்த்தார்.

"யோவ் பாட்டா, வாயப் பொத்தும்!" என்று சுடலைமணி கத்தினான்.

"கேக்காதுடே அவருக்கு" என்றார் மதர். பிறகு, யாருமே எதிர்பார்க்காதபடி, மதர் பெனிஞ்ஞா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு போய் தஸ்நேவிசின் பின்னால் நின்று, தன் உள்ளங்கையால் அவர் வாயை மெதுவாக மூடினார். அவர் புரிந்துகொள்ளாமல், கோபித்துக்கொள்ளாமல், கண்ணை மட்டும் மேலே உருட்டிப் பார்த்தார்.

விளக்கு வச்ச நேரத்துல. வாசப்படி ஓரத்துல.

கை உயர்ந்தது. யாரும் பாடவில்லை. எல்லாவற்றையும் இழந்து இந்த ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தவர்கள், அந்தச் சொல்லையும் ஒரு கணம் கையிலிருந்து விட்டார்கள். சிலர் அழுதார்கள், சத்தமில்லாமல். காற்று வரவில்லை, திரை ஆடவில்லை, எதுவும் தெரியவில்லை. ஆனால் இஞ்ஞாசியம்மாவின் மடியில், இரண்டு தொடைக்கும் நடுவில், சேலை சற்றே அமுங்கியது, பிறந்த பிள்ளையின் கனத்துக்கு மேல் ஒரு இம்மியும் இல்லாமல். கிழவி இரண்டு கையாலும் அந்தப் பள்ளத்தை அணைத்துக்கொண்டாள். கை இறங்கியது. வந்துரு தாயே, வந்துரு, என்று பாட்டு நகர்ந்தது.

ஜெனிட்டாவின் பைக்குள் கைப்பேசி அடித்தது. எடுப்பதற்கு அவளுக்குத் தைரியம் வரவில்லை. சுடலைமணிதான் எடுத்து அவள் காதில் வைத்தான்.

"ஏட்டி, ஒனக்குக் காது கேக்கலையா? பிள்ள இங்க தொட்டில்ல கெடந்து ஊரக் கூட்டுதா! பசி தாங்கல அவளுக்கு. சீக்கிரம் வா, நான் என்னத்தக் குடுப்பேன்?"

மாமியின் குரலுக்குப் பின்னால், நாள்கணக்காக அவள் கேட்காத அழுகை, தொண்டை கிழிகிற அழுகை, கேட்டது. ஜெனிட்டாவின் சட்டை நெஞ்சோடு நனைந்தது. நனைந்தபடியே தெருவில் ஓடினாள், செருப்பு எங்கே போனது என்று தெரியாது.

அன்றிலிருந்து தினமும் நாலு மணிக்கு ஜெனிட்டா கூடத்தின் நடுவில் நிற்கிறாள். ஞாயிற்றுக்கிழமையும் நிற்கிறாள், காய்ச்சலிலும் நிற்கிறாள். நேற்றுத் தலையாட்டியவர்கள் இன்று மறந்திருப்பார்கள், எனவே முப்பத்திரண்டு முகங்களுக்கும் நேராகப் போய் தினமும் புதிதாகச் சொல்ல வேண்டும். புதிதாகச் சேர்கிற முதியவர்களுக்குச் சொல்ல வேண்டும். பார்க்க வருகிற மகன்களுக்கும் மருமகள்களுக்கும் சொல்ல வேண்டும், ஊருக்கெல்லாம் அந்தப் பாட்டு பழைய மாதிரிதான் தெரியும். இப்போது இரண்டாவது அணிக்குப் பயிற்சி நடக்கிறது, வேறு ஊர்களிலிருந்து பதினாறு நர்சுகள் வந்திருக்கிறார்கள். எல்லாருமே நல்ல பிள்ளைகள், அதுதான் அவளுக்குப் பயம். அதில் முன்வரிசையில் ஒருத்தி, இருபது வயதிருக்கும், இரக்கமான முகம். பாட்டு அந்த இடத்துக்கு வரும்போது இஞ்ஞாசியம்மா வாயைத் திறந்தபடி சொல்லில்லாமல் இருப்பதைப் பார்த்து அவளுக்குக் கண் கலங்குகிறது, பாவம், பேர் மறந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைக்கிறாள், உதவி செய்ய அவள் உதடு பிரிகிறது.

ஜெனிட்டா ஒரு கையை மேலே தூக்கியபடியே, மறு கையை அந்தப் பெண்ணின் வாயை நோக்கி நீட்டிக்கொண்டு ஓடுகிறாள்.